கீறல் இல்லாத தகடு

எங்கள் வீட்டு ஹோலில் இப்போது இரண்டு கதிரைகள்தான் கிடக்கின்றன. ஒன்று எனக்கு, மற்றது வருகிறவர்களுக்கு. அந்த ஒரு வருடம் மட்டும் மூன்று கிடந்தன. அதில் ஒன்று பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. பின்னேரம் நாலு மணியானால் கேற் திறக்கும் சத்தம் கேட்கும். நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்துவிடுவேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க எனக்கு வராது. கலியாண வீடென்றாலும் குசினிப் பக்கம் போய் நின்றுகொள்வேன். அங்கே நின்றால் ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், "தேங்காயைத் துருவித் தாங்கோ" என்பதைத் தவிர. எழுதும்போது மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்காதபடியால் இதை எழுத முடிகிறது.

எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. எனக்கும் சேர்த்து அவளே கதைத்துவிடுவாள். கிளிவெட்டியில் எங்களுடைய அப்பா இரண்டு பேருக்கும் பொதுவாக எழுதிவைத்த வயல் ஒன்று இருக்கிறது. ஒரே உறுதி, இரண்டு பெயர். என்னுடைய கையெழுத்து இல்லாமல் அதை விற்க ஏலாது. சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் பல வருடம் விதைக்காமல் பற்றை வளர்ந்து கிடந்து, பிறகு ஒருவாறு துப்புரவாக்கி, இப்போது குத்தகைக்காரர் ஒருவர் செய்கிறார். போகத்துக்குப் போகம் எனக்கு அரிசி வரும். அந்த வயலை விற்க வேண்டும் என்றுதான் தங்கச்சி வரத் தொடங்கினாள்.

நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற காலம் முடிந்து, கொஞ்சம் மூச்சு விட்ட நேரம் அது. தங்கச்சியின் மகன் மெல்பேணில் இருக்கிறான். அங்கே ஏதோ ஒரு கம்பனியின் பங்குகளை அவனும், அவனோடு வேலை செய்கிறவர்களும் வாங்கியிருந்தார்கள். அந்தக் கம்பனி செய்கிற சாமானுக்குப் பெயர் கிராஃபீன். முதல் நாள் தங்கச்சி எனக்கு அதை விளங்கப்படுத்தியது இப்போதும் காதில் நிற்கிறது.

"அக்கா, பென்சில் கரி தெரியும்தானே? பென்சிலுக்குள்ள இருக்கிற கறுப்பு. அதை வெங்காயம் உரிக்கிற மாதிரி உரிச்சு உரிச்சு, கடைசியா ஒரு தோல் மிஞ்சும் பாருங்கோ, அதுதான். கண்ணுக்கே தெரியாதாம்."

"கண்ணுக்குத் தெரியாததை எப்பிடி விக்கிறது?"

"பெயின்றுக்குள்ள கலந்துதான். இரும்புக்குப் பூசினா கறள், துரு ஒண்டும் பிடிக்காதாம். பாலம், கப்பல், தண்ணித் தாங்கி, எல்லாத்துக்கும். பரிசோதனையில தேறிச் சேட்டிபிக்கற் வந்தா வேற நாடுகளிலயும் பக்ரரி போடுவினமாம். எங்கட நாட்டுக் கரிதானாம் உலகத்திலயே நல்ல கரி. அப்ப எங்க போடுவினம்? துறைமுகம் இருக்கிற எங்கட திருகோணமலையிலதானே? யோசிச்சுப் பாருங்கோ."

நான் யோசித்துப் பார்க்கவில்லை. கறள் என்ற சொல் என்னை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சான்றிதழ் வருவதற்கு முன் பங்கு மலிவு, வந்த பிறகு தொட ஏலாது, ஆகவே வயலை உடனே விற்று மகன் மூலமாக வாங்கிவிட வேண்டும் என்பது தங்கச்சியின் கணக்கு. நான் "பாப்பம்" என்றேன். எனக்கு இல்லை என்று சொல்ல வராது, "பாப்பம்" என்றுதான் வரும். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் தினமும் வந்தாள். மகன் படுக்கப் போகும் முன் கதைக்கிற நேரம் எங்களுக்குப் பின்னேரம் நாலு மணி. அவள் தன் போனைச் சத்தமாக வைத்து, என் ஹோல் மேசையில் ஒரு சீனிப் போத்தலில் சாய்த்து நிறுத்துவாள்.

அடுத்ததாக வந்து சேர்ந்தவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன் ஒருவர். கிண்ணியாவைச் சேர்ந்தவர், ரவுனில் இரும்புச் சாமான், பெயின்ற் விற்கிற கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக் கேற்றுக்குப் பூச்சு அடிக்கக் கேட்டிருந்தேன், அதற்கு அளவு எடுக்க வந்தவர் போனில் கேட்ட கதையில் அப்படியே நின்றுவிட்டார். அடுத்த நாளும் வந்தார். கேற்றை இன்னும் ஒருமுறை அளக்க வேண்டுமாம்.

"அக்கா, இந்தப் பெயின்ற் இங்க வந்து, ஏஜென்சி நம்மட கடைக்குக் கிடைச்சிச்செண்டா, முதல் டின் உங்கட கேற்றுக்குத்தான். சல்லி வேணாம்" என்பார்.

மூன்றாவது ஆள் அடுத்த வீட்டுக் கிளாக்கர் ஐயா. அரச அலுவலகமான கச்சேரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், எண்பது வயது தாண்டிவிட்டது. ஆங்கிலத்தில் வருகிறதை எல்லாம் வாசித்துத் தமிழில் சொல்வது அவர் வேலை. அவர் ஒரு பங்கும் வாங்கவில்லை.

"எனக்கு இதில ஒரு சதமும் இல்லைப் பிள்ளை" என்று என்னிடம் குசினி வாசலில் வந்து சொல்வார். "ஆனா பாரும், நித்திரை வராதது எனக்குத்தான். தேத்தண்ணிக்கு இஞ்சி போட்டனீரோ?"

"ஓம் ஐயா."

"கொஞ்சம் கூடப் போடும். இண்டைக்கு முக்கியமான செய்தி இருக்கு."

தினமும் முக்கியமான செய்திதான். அந்தப் பங்கு வாங்கியவர்கள் உலகம் முழுக்க இருந்து எழுதுகிற பக்கம் ஒன்று போனில் இருந்தது. கம்பனித் தலைவர் விமானத்தில் ஏறினார் என்று ஒருவர் எழுதினால், எந்த நாட்டுக்கு என்று பத்துப் பேர் எழுதுவார்கள். கம்பனி மூன்று நாள் பேசாமல் இருந்தால், பெரிய விசயம் ஒன்று இருப்பதால்தான் பேசாமல் இருக்கிறது என்பார்கள். கிளாக்கர் ஐயா ஒவ்வொன்றையும் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றுவார். பிறகு தன் கருத்தைச் சொல்வார். நான் குசினிக் கதவுச் சீலைக்குப் பின்னால் மர வாங்கில் இருந்து கேட்பேன். உளுந்து வடை சுட்ட நாட்களில் எல்லோருக்கும் பங்கின் மீது நம்பிக்கை கூடுதலாக இருந்தது.

ஒரு நாள் நானா வேர்த்து விறுவிறுக்க வந்தார்.

"நேத்து சீனன்குடாப் பக்கம் மூணு காலில கமரா மாதிரி ஒண்ட வெச்சு அளக்குறாங்க. நான் கண்ணால கண்டன்."

"அளக்கிறவன் ஆர்? வெள்ளையோ?" என்றார் கிளாக்கர் ஐயா.

"தொப்பி போட்டிருந்தான். முகம் தெரியல்ல."

"தொப்பி போட்டவனெண்டா வெள்ளைதான். எங்கட ஆக்கள் ஆர் தொப்பி போட்டு வேலை செய்யிறது? தலையில லேஞ்சித் துணியை எல்லே கட்டுவினம்."

தங்கச்சி உடனே மகனுக்குச் சொன்னாள். மகன் சிரித்தான். ஆனால் அதைத் தன் கூட்டாளி ஒருவனுக்குச் சொல்லியிருக்கிறான். நாலு நாள் கழித்துக் கிளாக்கர் ஐயா போனை வாசித்துக்கொண்டு போகையில் குரல் மாறியது.

"இஞ்ச பாருங்கோ. எழுதியிருக்கிறான். திருகோணமலையில, துறைமுகத்துக்குக் கிட்ட, வெளிநாட்டுக்காரர் வந்து காணி அளக்கத் தொடங்கீற்றினமாம். அந்த இடத்திலயே இருக்கிற நம்பிக்கையான ஆள் ஒருத்தர் நேர பாத்துச் சொன்னதாம்."

தங்கச்சி கையைத் தட்டினாள். நானா எழுந்து நின்று, "அல்ஹம்துலில்லாஹ், நான் அப்பவே செல்லல்லியா?" என்றார். அன்றைக்குப் பங்கின் விலையும் ஏறியதாம். நான் சீலைக்குப் பின்னால் இருந்தபடி யோசித்தேன். அந்த நம்பிக்கையான ஆள் இந்தக் கதிரையில் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் அல்லவா? தொப்பி போட்டவன்கூட அப்படியே வெள்ளைக்காரனாகித் திரும்பி வந்திருக்கிறானே. சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு சந்தோசமாக இருந்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அவர் போன பிறகு என் வீட்டில் அவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை.

அவர் என்றால் காலமான என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் பெயின்ற் அடிக்கிற பகுதியில் வேலை செய்தவர். மிதவைகள், இழுவைப் படகுகள், பாரந்தூக்கிகள் எல்லாவற்றிலும் கறளைச் சுரண்டிவிட்டுப் பூச்சு அடிப்பது அவர்கள் வேலை. வீட்டுக்கு வந்தால் காதுக்குள்ளும் சிவப்புத் தூள் இருக்கும். நாங்கள் கலியாணம் செய்து ஒரு வருடம் ஆகவில்லை, அந்த நேரம் அங்கே இருந்த இஞ்சினியர் ஒருவர் இவரிடம் ஒரு வேலை கொடுத்தார். பள்ளிக்கூடச் சிலேற் அளவில் இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு கம்பனியின் பூச்சு. அவற்றைக் கயிற்றில் கட்டி இறங்குதுறைக் காலில் இருந்து கடலுக்குள் தொங்கவிட வேண்டும். மாதம் ஒருமுறை தூக்கிப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். வேலை நாளில் நேரம் இல்லாதபடியால், பௌர்ணமிக்கு நாடு முழுக்க விடுகிற பூரணை லீவில்தான் பார்ப்பார். இவருக்கு எழுத்து அவ்வளவு ஓடாது, கையும் எப்போதும் தார். எனக்கு எழுத்து உருட்டி உருட்டி வடிவாக வரும்.

"நீ வந்து எழுது" என்றார்.

"ஐயோ, ஆம்பிளையள் நிக்கிற இடம்."

"பூரணைக்கு அங்க ஆர் நிக்கிறது? நானும் நீயும் மீனும்தான்."

வாசல் காவல்காரர் அவருக்குப் பழக்கம். சீலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு முதல் நாள் போனேன். அவர் தகட்டை மேலே தூக்கி, ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் மரக் கரண்டியால் வழித்துவிட்டு என்னிடம் காட்டினார். தகட்டின் நடுவில் குறுக்காகவும் நெடுக்காகவும் ஒரு கீறல். கடலில் போடுவதற்கு முன் கூரான ஆணியால் பூச்சைக் கிழித்து, உள்ளே இரும்பு தெரியும்படி அவரே போட்டது.

"நல்ல பூச்சை ஏன் கெடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"கீறாத தகடு எல்லாம் மினுங்கும். மலிவுப் பெயின்றும் கொஞ்ச நாள் மினுங்கும். கப்பல் ஒருநாள் கரைக் கட்டில முட்டும், சங்கிலி உரசும். அந்தக் காயத்தில இருந்து கறள் எவ்வளவு தூரம் உள்ளுக்குப் போகுது எண்டதுதான் கதை. மினுக்கத்தைப் பாக்காதே, கீறலைப் பார்."

அளக்கிறதற்கு அவர் ஒரு தீக்குச்சியை வைத்திருந்தார். குச்சியின் அகலத்தை வைத்து அளப்பார். நான் கொப்பியில் எழுதுவேன். மூன்றாம் தகடு, அரைக் குச்சி. ஐந்தாம் தகடு, இரண்டு குச்சி, பக்கத்தில் கொப்புளம். எழுதி முடித்தபின் வடையும் தேத்தண்ணியும் சாப்பிட்டுக்கொண்டு காலைத் தண்ணீருக்கு மேலே தொங்கப் போட்டபடி இருப்போம். வாழ்க்கையில் நான் செய்த ஒரே எழுத்து வேலை அது. இஞ்சினியர் அந்தக் கொப்பியைப் பார்த்து, "இது ஆர் எழுதினது? டீச்சரோ?" என்று கேட்டாராம். அந்தச் சொல்லை எத்தனையோ வருடம் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஒரு வாடை, ஒரு கச்சான், பிறகும் ஒரு வாடை. வாடைக்காற்று மழையையும் கொந்தளிப்பையும் கொண்டுவரும், கச்சான் வெயிலையும் உப்பையும் கொண்டுவரும். அதெல்லாம் பட்டு முடிந்தால்தான் இஞ்சினியர் இந்தப் பூச்சு நல்லது என்று கையெழுத்து வைப்பார். அதற்கு முன் யார் வந்து கேட்டாலும் வைக்க மாட்டார்.

சான்றிதழ், சான்றிதழ் என்று ஹோலில் கதைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொப்பிதான் ஞாபகம் வரும். அவர்கள் லொத்தர் இழுக்கிற மாதிரி, வருகிற கிழமை விழும், அடுத்த கிழமை விழும் என்று கதைத்தார்கள். எங்கேயோ ஒரு கரையில் ஒருவர் தகட்டைத் தூக்கிப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்த நேரம் வயலுக்கு ஆள் வந்துவிட்டது. நல்ல விலை சொன்னார்கள். வருகிற புதன்கிழமை, உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போவது என்று தங்கச்சி நாளும் வைத்துவிட்டாள். நான் "பாப்பம்" என்றதை அவள் "ஓம்" என்றே எடுத்துக்கொண்டாள். அதில் பிழை என்னுடையதுதான்.

அந்தக் கிழமைதான் கம்பனி போட்ட படம் ஒன்று போனில் வந்தது. கடற்கரையில் ஒருவர் கையில் தகடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கிளாக்கர் ஐயா எழுந்து நின்றே வாசித்தார். கடல் பரிசோதனையாம். நானா படத்தைப் பெருப்பித்துப் பார்த்து, "பாருங்க, கண்ணாடி மாதிரி!" என்றார். தேறிவிட்டது, இன்னும் இரண்டு நாளில் சான்றிதழ் வெளிவரும் என்று எல்லோருமாக முடிவு கட்டினார்கள்.

"அக்காவுக்கும் காட்டுங்கோ" என்றாள் தங்கச்சி. "கையெழுத்து வைக்கிறவ அவதானே."

போன் குசினிக்கு வந்தது. நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். வடிவான தகடு. என் முகமே அதில் தெரியும் போலிருந்தது. விரலால் பெருப்பிக்கப் பழகியிருந்தேன், மேல் மூலையில் இருந்து கீழ் மூலை வரை பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து அடுப்படியில் நின்றேன். தேத்தண்ணி பொங்கி ஊற்றியது. அதைத் துடைத்தேன். பிறகு என்ன துணிவில் என்று தெரியவில்லை, சீலையை விலக்கிக்கொண்டு ஹோலுக்குள் போய் நின்றேன்.

"கீறல் எங்க?" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள். "பிள்ளை கதைக்குது!" என்றார் கிளாக்கர் ஐயா.

"என்ன கீறல்?" என்றாள் தங்கச்சி.

"கடலில போட முந்தித் தகட்டில ஒரு கீறல் போடுறது. அதில கறள் எவ்வளவு போகுது எண்டு பாத்துத்தான் நல்லது கெட்டது சொல்லுறது. இதில கீறல் இல்லை. சிப்பி ஒட்டின அடையாளமும் இல்லை. இது கடலுக்க போய் வந்த தகடு இல்லை." அவ்வளவையும் சொல்லி முடிக்க எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது.

தங்கச்சி சிரித்தாள். "அது அத்தான்ர காலத்துத் தார்ப் பெயின்ற் அக்கா. இது விஞ்ஞானம். கீறவே தேவையில்லையாக்கும்."

நானா சிரிக்கவில்லை. பெயின்ற் விற்கிறவர் அல்லவா. தாடியைத் தடவிக்கொண்டு, "இல்ல, அக்கா செல்றதில ஒரு இது இருக்கு. பெரிய கம்பனிர ஆக்களும் கீறித்தான் காட்டுவாங்க" என்றார்.

"கேட்டுப் பாக்கட்டும்" என்றேன். "பரிசோதனைத் தகடு எப்ப கடலில போட்டது எண்டு மகன் கேட்டுப் பாக்கட்டும். அவ்வளவுதான்."

மகன் கம்பனிக்கு எழுதினான். அவனுக்கும் அது முன்பு தோன்றவில்லையாம். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. மறுநாள் நொத்தாரிசு. கிளாக்கர் ஐயா இரண்டு முறை மனதுக்குள் வாசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"படத்தில இருக்கிறது கண்காட்சிக்குச் செய்த மாதிரித் தகடாம். பரிசோதனைத் தகடுகள் போன மாசம்தான் கடலில இறக்கினதாம். முடிவு வர ரெண்டு வருசத்துக்குக் கிட்டச் செல்லுமாம்."

"அப்ப சேட்டிபிக்கற்?" என்றாள் தங்கச்சி.

"கெதியில வரப்போறது வேற கடுதாசி. அந்தத் தூளை இன்னொரு நாட்டுக்குள்ள கொண்டுபோய் விக்க விடுற அனுமதி. கொண்டு வரலாம் எண்டுதான் அது சொல்லும். நல்லது எண்டு சொல்லாது."

"திருகோணமலை?" என்று நானா கேட்டார்.

கிளாக்கர் ஐயா போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "திருகோணமலை எண்டு ஒரு சொல்லும் இல்லை."

"அப்ப அந்த அளந்தவன்?"

அளந்தது வாய்க்காலுக்குத்தான். சீனன்குடாப் பக்கம் வாய்க்கால் வெட்டத் தொடங்கி இரண்டு கிழமையாகிவிட்டது என்பது அந்த வழியால் பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரியும். கம்பனி எங்களுக்குப் பொய் சொல்லவில்லை. நாங்களே கட்டிய கதைக்குள் நாங்களே குடியிருந்துவிட்டோம்.

நான் தங்கச்சியிடம் சொன்னேன். "நாளைக்கு நான் வரேல்ல. தகடு கிடக்கட்டும். ஒரு வாடை, ஒரு கச்சான், பிறகும் ஒரு வாடை. கீறல் தாங்கிச்சுதெண்டால் நானே வந்து கையெழுத்து வைக்கிறன்."

அவளுக்குக் கோபம் வந்தால் 'நீங்கள்' போய்விடும். "நீ உன்ர புருசன்ர தகட்டைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இரு" என்று போனை எடுத்துக்கொண்டு போனாள். சீனிப் போத்தல் சரிந்து உருண்டது.

அதற்குப் பிறகு கேற் திறக்கும் சத்தம் இல்லை. சில கிழமைகளில் அந்த அனுமதிக் கடுதாசி வந்தது. பங்கும் விறுவிறென்று ஏறியது. தங்கச்சி போனில் ஒரே ஒரு சொல் அனுப்பினாள்: "பாத்தியா?" பிறகு இறங்கியதாம். அப்போது அவள் ஒன்றும் அனுப்பவில்லை. நானாவும் வரவில்லை, கேற் எத்தனை நாளைக்கு அளக்கலாம்? கிளாக்கர் ஐயா மட்டும் மதிலுக்கு மேலால் எட்டி, "செய்தி ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்பார். இரவல் கதிரையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். நாலு மணிக்குப் பழக்கதோசத்தில் கேத்திலை நிறைய வைத்துவிட்டு, பிறகு தண்ணீரைக் குறைப்பேன். வயல் தப்பியது நல்லதுதான். ஆனால் அந்தச் சத்தத்தை நானே நிறுத்திவிட்டேனே என்று இருந்தது. ஒரு வார்த்தை கதைத்தேன், வீடு வெறுமையாகிவிட்டது.

கார்த்திகை மழை தொடங்கிய ஒரு நாள் நானா வந்தார். கையில் உள்ளங்கை அளவில் ஒரு டின்.

"உங்கட தங்கச்சி கடையில வெச்சிட்டுப் போச்சு. அந்தக் கம்பனிர பெயின்ற்தான். இங்க ஒரு கலியாணத்துக்கு வந்த ஆரோ ஒருத்தரிட்ட மகன் குடுத்து அனுப்பினதாம். 'அக்காட்டக் குடுங்கோ, ஆசை தீரக் கீறிப் பாக்கட்டும்' எண்டு செல்லிச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

நானா இரண்டு தகடுகள் வெட்டித் தந்தார். ஒன்றுக்குச் சாதாரணப் பெயின்ற், மற்றதற்கு அந்த டின்னில் இருந்தது. காய்ந்த பிறகு ஆணியால் நானே கீறினேன். ஆணி வழுக்கியபடியால் ஒரு கோடு கொஞ்சம் கோணல். கிண்ணியாவில் நானாவின் மச்சான் படகு கட்டுகிற இறங்குதுறையில் இரண்டையும் தொங்கவிட்டோம். புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

முதல் பூரணைக்குத் தனியே பஸ்ஸில் போனேன். இரண்டாம் பூரணைக்குப் போனபோது இறங்குதுறையில் ஒரு குடை நின்றது. குடைக்குக் கீழே தங்கச்சி.

"என்ர மகன்ர பெயின்றுக்கு நீங்கள் கள்ளப் புள்ளி போட்டிடுவீங்கள், அதுதான் வந்தனான்" என்றாள்.

"நீங்கள்" என்றுதான் சொன்னாள். அதை நான் கவனித்தேன். "கயிற்றைப் பிடி" என்றேன்.

அதிலிருந்து ஒவ்வொரு பூரணைக்கும் இரண்டு பேருமாகப் போனோம். வாடை மழையில் நனைந்தும் போனோம். கச்சான் வெயிலில் தகட்டைத் தொட ஏலாத சூட்டிலும் போனோம். தீக்குச்சி பிடிப்பது அவள். கால் குச்சிக்கும் அரைக் குச்சிக்கும் நடுவில் நின்றால் வழக்கறிஞர் மாதிரி வாதாடுவாள். நான் எழுதுவேன். முடிந்ததும் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வடை சாப்பிடுவோம். பங்கைப் பற்றி அவள் கதைப்பாள், கொஞ்சமாக, கோபமில்லாமல். கம்பனி வேறு ஏதோ ஒரு நாட்டில் சின்னதாக ஒரு பக்ரரி போட்டுவிட்டதாம். எங்கள் பக்கம் ஒருவரும் வரவில்லை.

போன மாசிப் பூரணையோடு இரண்டாவது வாடையும் முடிந்தது. நானா, அவருடைய மச்சான், மூன்று சக்கர வண்டியில் கொண்டுவந்து இறக்கிய கிளாக்கர் ஐயா, எல்லோரும் வந்திருந்தார்கள். முதலில் சாதாரணத் தகடு. வழித்ததும் கீறலின் இரண்டு பக்கமும் பூச்சு பொருக்காகக் கழன்றது. இரண்டரைக் குச்சி. பிறகு மற்றது. நான் சிப்பியைச் சுரண்டி, பாசியைப் பெருவிரலால் துடைத்தேன். என் கோணல் கீறல் போட்ட நாளில் இருந்தபடியே கிடந்தது. ஓரத்தில் மட்டும் மெல்லிய சிவப்பு. தங்கச்சி குச்சியை வைத்தாள். கால் குச்சியும் வரவில்லை.

நான் கொப்பியில் எழுதினேன். கீறல் தாங்கினால் கையெழுத்து வைக்கிறேன் என்று சொன்னவள் நான். சொன்னது சொன்னதுதான்.

"அப்ப சாமான் உண்மை அக்கா" என்றாள்.

"ஓம். நல்ல சாமான். உன்ர மகன் பிழையாக ஒண்டும் வாங்கேல்ல." கொப்பியை மூடினேன். "நொத்தாரிசிட்ட எப்ப போறது எண்டு சொல்லு. நான் வாறன்."

தங்கச்சி தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வயல்ல இப்ப என்ன நிலை?" என்று கேட்டாள்.

"கதிர் பழுத்திட்டுது. வாற கிழமை வெட்டுறதாம்."

"வெட்டட்டும்." அவள் கயிற்றின் நுனியை எடுத்துத் தகட்டின் ஓட்டைக்குள் விட்டு இறுக்கி முடிச்சுப் போட்டாள். "இன்னொரு கச்சானும் பாப்பம்."

சாதாரணத் தகட்டை மச்சான் கரையில் எறிந்துவிட்டார். மற்றதை அவளே குனிந்து தண்ணீருக்குள் மெல்ல இறக்கினாள். அது மறைந்த பிறகும் கயிற்றை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "வடை கொண்டந்தனீங்களோ இல்லையோ?" என்றாள்.